வேலைக்காட்டில் புலித் தடம்: பிடித்து ஜூவில் விடுவதா, விட்டுவிடுவதா?

லயத்துப்பையன் | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். பேராக்கில் சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா போகிற பக்கம் எங்கள் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம். பெயர் வேண்டாம், அம்மாவுக்கு வேலை அங்கேதான்.

அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறவர். இன்று காலை பெரட்டு (பெயர் கூப்பிடுதல்) முடிந்து வேலைக்காட்டுக்குப் போய், பூட்ஸ் மாட்ட வாய்க்கால் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து ஈர மண்ணில் வட்டமாக ஒரு தடம். தன் சிலிப்பர் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துப் போனில் படம் பிடித்தார். அந்தச் சாமர்த்தியம் மட்டும் இருந்தது. அப்புறம் எடுத்த ஓட்டத்தில் சிலிப்பரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். படத்தைக் கீழே போட்டிருக்கிறேன்.

ஆபீஸில் காட்டினால் "நாய்க் கால்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குலை அறுக்கும் வங்காளதேசத்துக்காரர்கள் அந்த நிரைக்குப் போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். தோட்டத்து வாட்சாப் குழுவில் ஒரே சண்டை. கூண்டு வைத்துப் பிடி, தைப்பிங் ஜூவில் விடு என்று ஒரு பாதி. பாவம், அதன் காடு அது, விட்டுவிடு என்று மறு பாதி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்பிக்கடை குமார் | திங்கள், இரவு 9.20

ஆபீஸ்காரரை ஒரு நாள் காலையில் தனியாக அந்த நாயைத் தடவிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள் தம்பி.

தடம்பார்ப்பவன் | திங்கள், இரவு 9.48

கெமேரா பொருத்தும் குழுக்களோடு சில ஆண்டுகள் காட்டுக்குள் நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இது நாய் இல்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாய் என்றால் விரல்களுக்கு முன்னால் நகம் குத்திய புள்ளிகள் விழும். பூனைச் சாதி நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். இங்கே புள்ளியே இல்லை. உள்ளங்கால் திண்டின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு தெரிகிறது. தடம் சிலிப்பரின் அகலத்தை விடப் பெரியது, சிறுத்தைக்கு இவ்வளவு வராது.

இன்னொன்று. கம்போங்கில் (மலாய்க் கிராமத்தில்) "ஹரிமாவ்" என்று யாராவது சொன்னால் எந்த ஹரிமாவ் என்று கேளுங்கள். மலாய்க்காரர்கள் கருஞ்சிறுத்தையை ஹரிமாவ் கும்பாங் என்பார்கள், மரத்தில் திரியும் படைச்சிறுத்தையை ஹரிமாவ் டாஹான் என்பார்கள். நம் தீபகற்பத்தில் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. வரிப்புலி என்றால் பாக் பெலாங். "புலி பார்த்தேன்" என்று வருகிற பேச்சில் பல கும்பாங்காகத்தான் இருக்கும். இந்தத் தடம் பாக் பெலாங்.

பெர்ஹிலித்தானுக்கு, அதுதான் வனவிலங்குத் துறைக்கு, சொல்லியாகிவிட்டதா? ஆபீஸ் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே கூப்பிடுங்கள். தோட்டத்தில் மாடு வைத்திருக்கிறவர்கள் உண்டா? இரவில் எங்கே கட்டுகிறார்கள்?

லயத்துப்பையன் | திங்கள், இரவு 10.05

கூப்பிட்டுவிட்டேன், நாளை வருகிறார்கள். மாடு மூன்று வீட்டில் உண்டு. கட்டுவதாவது, அது பாட்டுக்குச் செம்பனைக்குள் மேய்ந்துவிட்டு இஷ்டத்துக்கு வரும்.

செல்வி ஈப்போ | திங்கள், இரவு 10.31

என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, நான் ஜூ கட்சி. நாட்டிலேயே 150 கூட இல்லை என்கிறார்கள். வெளியே விட்டால் வேட்டைக்காரன் கண்ணியில் மாட்டும், இல்லையென்றால் நெடுஞ்சாலையில் லாரி அடிக்கும். கூண்டுக்குள் இருந்தால் வேளைக்கு இறைச்சி, காய்ச்சல் வந்தால் டாக்டர். இருக்கிற நூற்றைம்பதையும் பிடித்துப் பத்திரமாக வைத்தால் என்ன? என் பிள்ளைகள் புலியைப் பார்த்ததே தைப்பிங்கில்தான். காட்டில் இருந்து யாருக்கு என்ன பயன்?

பழைய பால்வெட்டு | திங்கள், இரவு 11.17

நான் அறுபதைத் தாண்டியவன். மெதுவாகத்தான் தட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் செம்பனை கிடையாது, எல்லாம் ரப்பர். எனக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போவேன், பால் பிடிக்கும் மங்கு துடைக்க, ஒட்டுப்பால் பொறுக்க. விடியுமுன் ஐந்து மணிக்கு நெற்றியில் கார்பைட் விளக்கு. எங்கள் வீட்டு நாய் எப்போதும் பத்தடி முன்னால் ஓடும். அன்றைக்கு அது திரும்பி வந்து அம்மாவின் காலுக்கிடையில் நுழைந்து நின்றது. குரைக்கவில்லை. அம்மா உளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூக்கால் இழுத்துப் பார்த்தார். "எவ பாண்டான் போட்டுச் சோறு ஆக்குறா இந்த நேரத்துல" என்றார். எனக்கும் அந்த வாசனை வந்தது. நல்ல சோற்று வாசனை. நாங்கள் குடியிருந்த லயம் அங்கிருந்து ஒரு மைல்.

அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. என்னை முன்னால் விட்டு, தான் பின்பக்கம் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வந்தார், பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு. முனியாண்டி கோயில் மேடு வரை அப்படியே வந்தோம். எதையும் பார்க்கவில்லை. மறுநாள் அந்த இடத்தில் மண்டோர் (கங்காணி) தடம் பார்த்தார்.

அன்றைக்குப் பால் எடை குறைவு என்று அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், போட்டார்கள். அதை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார், புலியைச் சொல்லவில்லை.

ஆகவே தம்பி தங்கைகளே, "அதன் காடு அது" என்று கோலாலம்பூரில் ஏர்கோனில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். நாளைக் காலை அந்த நிரையில் குனிந்து பழம் பொறுக்கப் போவது இந்தப் பையனின் அம்மா. புலி பின்னாலிருந்துதான் வரும். குனிந்திருக்கிறவரை அது மனிதர் என்று நினைக்காது.

தடம்பார்ப்பவன் | திங்கள், இரவு 11.40

ஐயா, அந்தப் பாண்டான் வாசனை கதை இல்லை. புலி எல்லை காட்ட மரத்தில் பீய்ச்சுகிற திரவத்தில் 2-அசிடைல்-1-பைரோலின் என்ற பொருள் இருப்பதை வங்காளத்து விஞ்ஞானி பிரம்மச்சாரி என்பவரும் அவர் குழுவும் கண்டறிந்தார்கள். பாண்டான் இலைக்கும் பாஸ்மதி அரிசிக்கும் மணம் கொடுப்பது அதே பொருள்தான். உங்கள் அம்மாவின் மூக்கு ஆய்வுக்கூடத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டது.

பின்னாலிருந்து வரும் என்பதும் உண்மை. 1986 வாக்கில் சுந்தரவனத்தில் தேன் எடுக்கப் போகிறவர்களுக்குத் தலையின் பின்பக்கம் மாட்ட மனித முகமூடி கொடுத்தார்கள். முகம் தன்னைப் பார்க்கிறது என்றால் புலி தயங்கும் என்ற கணக்கு. கொஞ்ச காலம் நன்றாகவே பலித்தது.

தைப்பிங் மாறன் | செவ்வாய், காலை 7.26

செல்வி அக்காவுக்குப் பதில். நான் ஒரு விலங்குப் பூங்காவில் ஆறு ஆண்டு வேலை பார்த்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். புலிக் கொட்டடியைக் கழுவுவதுதான் முதல் மூன்று ஆண்டு.

வேளைக்கு இறைச்சி என்பது சரி. ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோ, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. காட்டில் தினமும் சாப்பாடு கிடைக்காது, வயிறு அதற்கேற்றபடிதான் அமைந்திருக்கிறது. டாக்டர் உண்டு என்பதும் சரி. காட்டில் பத்துப் பதினைந்து ஆண்டு வாழ்வது பெரிய விஷயம், கூண்டில் இருபது வரை போகும். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஜூவைச் சிறை என்று திட்டுகிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. அங்கேயே பிறந்த புலி வேறு எங்கே போகும்?

ஆனால் காட்டில் வளர்ந்து, பிடிபட்டு வருவது வேறு கதை. நான் இருந்தபோது ஒன்று வந்தது. பொறிக் கூண்டுக்குள் கிடந்த இரண்டு நாளில் கம்பியைக் கடித்துக் கடித்து மேல் கோரைப்பல் இரண்டும் பாதியில் முறிந்திருந்தது. பல் போன புலி மான் பிடிக்க முடியாது. அந்த இரண்டு நாளிலேயே காட்டுக்குத் திரும்பும் வழி மூடிவிட்டது. வந்த பிறகு உள்கொட்டடியில் சுவரோரம் எட்டடி போகும், திரும்பும், எட்டடி வரும். நான் காலை ஷிப்டுக்கு வரும்போதும் அப்படி, மாலை பூட்டும்போதும் அப்படி. திரும்பும் இடத்தில் சிமெண்டு வழவழப்பாகிவிட்டது. வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டால் மட்டும் நின்று பார்க்கும்.

2003இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. காட்டில் எந்த ஊனுண்ணிக்கு அதிக நிலம் தேவையோ, கூண்டில் அதற்குத்தான் இந்த உலாத்தல் அதிகம், குட்டிச் சாவும் அதிகம் என்றது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை, அந்தச் சிமெண்டு போதும்.

கூண்டு பத்திரம் என்ற நினைப்பும் முழுசாகச் சரியில்லை. 2020 ஏப்ரலில் நியூயார்க் பிராங்க்ஸ் ஜூவில் கோவிட் பிடித்ததே நாடியா, அது நம் மலாயாப் புலி.

மழைக்காகிதம் | செவ்வாய், காலை 8.02

அப்போ வெள்ளைப் புலி? போன வருடம் ஒரு கேளிக்கைப் பூங்காவில் பார்த்தோம், ரொம்ப அரிய இனமாம், காப்பாற்றி வளர்க்கிறார்களாம்.

தைப்பிங் மாறன் | செவ்வாய், காலை 8.15

தனி இனமே கிடையாது. 1951இல் இந்தியாவில் ரேவா காட்டில் மகாராஜா பிடித்த மோகன் என்ற வெள்ளைக் குட்டிதான் மூலம். சாதாரண நிறத்துப் பெட்டையோடு சேர்த்தார்கள், வெள்ளை பிறக்கவில்லை. அப்புறம் மோகனை அதன் மகளோடேயே சேர்த்தார்கள், வெள்ளை பிறந்தது. அன்றைக்கு ஆரம்பித்த உறவுக்குள் கலப்பு இன்னும் நிற்கவில்லை. மாறுகண், வளைந்த முதுகு எல்லாம் அதன் பலன். படம் எடுத்திருந்தால் கண்ணைப் பாருங்கள்.

தாய்லாந்தில் காஞ்சனபுரி புலிக் கோயிலும் இப்படித்தான். சுற்றுலாப் பயணிகள் புலியின் தலையை மடியில் வைத்துப் படம் எடுத்த இடம். 2016இல் அதிகாரிகள் உள்ளே போனபோது உறைபெட்டியில் 40 குட்டிகள் செத்துக் கிடந்தன. உயிரோடு மீட்ட 147இல் 86 அடுத்த மூன்று ஆண்டில் இறந்துவிட்டன. நெருங்கிய உறவுக் கலப்பால் நோய் தாங்கும் சக்தியே இல்லை.

கூடலூர் மருமகன் | செவ்வாய், மதியம் 1.10

நான் பிறந்தது பேராக், பெண் எடுத்தது நீலகிரி கூடலூரில். மாமனார் வீட்டார் தேயிலைத் தோட்டம். 2021இல் அங்கே டி23 என்ற புலி நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லி ஊரே வேலையை நிறுத்தியது. சுட்டுவிடலாம் என்று முதலில் உத்தரவு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், உடனே கொன்றுவிடாதீர்கள் என்றது. கும்கி யானை, டிரோன், மோப்ப நாய், 21 நாள் தேடல். அக்டோபர் 15 அன்று மசினகுடி பக்கம் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூர் மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். உடம்பெல்லாம் புண்.

மாமியார் அன்றைக்குப் போனில் சொன்னது: "அது செத்துச்சா பொழச்சதான்னு எனக்குத் தெரிய வேணாம், நாளைக்குக் கொழுந்து பறிக்கப் போலாமா, அதச் சொல்லு." பால்வெட்டு ஐயா சொன்னதும் அதுதான்.

உண்மை விளம்பி | செவ்வாய், மதியம் 2.44

எல்லாம் அரசாங்கம் புலியைப் பெருகவிட்டதால் வந்த வினை. ஒரு பக்கம் பாதுகாப்பு பாதுகாப்பு என்று கத்தினால் அது ஊருக்குள் வராமல் என்ன செய்யும்? ஓராங் அஸ்லிகள்தான் (பூர்வகுடிகள்) வேட்டையாடி மிருகத்தை விரட்டுகிறார்கள், அவர்களை முதலில்

மட்டறுத்துநர் | செவ்வாய், மதியம் 2.58

மேலே உள்ள பதிவின் மீதியை நீக்கியிருக்கிறேன். எந்தச் சமூகத்தையும் மொத்தமாகக் குறை சொல்ல இங்கே இடமில்லை.

தடம்பார்ப்பவன் | செவ்வாய், இரவு 8.35

பெருகிவிட்டதா? 1950களில் தீபகற்பத்தில் 3,000 புலி இருந்ததாகப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பில் 150க்கும் குறைவு. சபா, சரவாக்கில் புலியே கிடையாது, ஆகவே இதுதான் நாட்டுக்கே மொத்தம். தமிழ்நாட்டில் மட்டும் 2022 கணக்கில் 306. நாம் அதில் பாதி கூட இல்லை. நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலி, பந்தாட்டக் குழுவின் பெயரில் ஒரு புலி, காட்டில்தான் தட்டுப்பாடு.

இருக்கிறது குறைவு என்றால் ஏன் வெளியே வருகிறது? காட்டுக்குள் சாப்பாடு இல்லை. பெரிய மான் ஏற்கெனவே வேட்டையில் அருகிவிட்டது. மிஞ்சி நம்பியிருந்தது காட்டுப்பன்றி. 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சபாவில் தெரியவந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் தீபகற்பத்துக்கும் வந்தது. காட்டில் பன்றிகள் செத்துக் குவிந்தன. உங்கள் செம்பனைக்குள் இப்போது பன்றி தோண்டிய குழி எத்தனை பார்க்கிறீர்கள்? பழைய நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பன்றி இல்லை, கட்டாத மாடு மூன்று வீட்டில் உண்டு. புலி வேறு எங்கே போகும்?

நாய் இன்னொரு தொல்லை. 2019இல் திரங்கானு டுங்குன் பக்கம் கம்போங்குக்குள் ஒரு புலி பட்டப்பகலில் ஆட்களுக்கு நடுவே திரிந்தது. ஊரே படம் பிடித்தது, அவாங் பெசுல் என்று பெயரும் வைத்தார்கள். பிடித்துப் பார்த்தால் கேனைன் டிஸ்டெம்பர், நாய்களுக்கு வரும் மூளையைத் தாக்கும் நோய். சில நாளில் இறந்துவிட்டது. மனிதரைக் கண்டு பயப்படாத புலி என்றால் துணிச்சல் என்று நினைக்காதீர்கள், நோயாகவும் இருக்கலாம். தோட்டத்து நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் அது புலிக்கும் சேர்த்துத்தான்.

செல்வி அக்கா, எல்லாவற்றையும் பிடித்து வைப்பது பற்றி: தாயை இழந்த குட்டியை மனிதர் முகம் காட்டாமல், உயிருள்ள இரை பிடிக்கப் பழக்கி விட்டால் சில இடத்தில் பலித்திருக்கிறது. ரஷ்யாவில் சோலுஷ்கா என்ற பெண் புலியை 2013இல் விட்டார்கள், இரண்டு ஆண்டில் குட்டி போட்டது. இந்தியாவில் பன்னாவிலும் அப்படி வளர்த்த அக்கா தங்கையை விட்டார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் திரும்பிப் போகக் காடும் இரையும் இருந்தது. எல்லாரையும் உள்ளே வைத்துவிட்டால் இந்தக் காட்டை யார் புலிக்காட்டாக விட்டுவைப்பார்கள்? அடுத்த மாதமே மரம் ஏற்றும் லாரி வரும்.

கடைசியாக, கண்ணி. வேட்டைக்காரன் மட்டும்தான் வைக்கிறான் என்று இல்லை. பன்றிக்கு, மானுக்கு என்று யார் வைத்தாலும் கம்பிக்கு ஆள் தெரியாது. 2009இல் பேராக்கின் பெலும்-தெமெங்கோர் காட்டில் கண்ணியில் மாட்டிய ஆண் புலியை மீட்டு மலாக்கா ஜூவில் சிகிச்சை கொடுத்தார்கள். காலையே எடுக்க வேண்டியதாயிற்று, அப்படியும் பிழைக்கவில்லை. கண்ணி வைப்பதே குற்றம். புலியைக் கொன்றால் 2022 திருத்தத்துக்குப் பிறகு பத்து லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 15 ஆண்டு வரை சிறை. தம்பி, அதிகாரிகள் வந்தால் தோட்டத்து ஓரம் முழுக்க ஒரு முறை கண்ணி தேடச் சொல்லுங்கள்.

செல்வி ஈப்போ | செவ்வாய், இரவு 9.02

சரி, எல்லாவற்றையும் பிடிப்பது என்ற பேச்சை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இந்த ஒன்று மறுபடி வந்தால்? ஆள் யாரையாவது தொட்டால்?

தடம்பார்ப்பவன் | செவ்வாய், இரவு 9.10

தொட்டால் பிடிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. பெரும்பாலும் சுங்காய் வனவிலங்கு மீட்பு மையத்துக்குத்தான் போகும், அங்கிருந்து காடு திரும்பாது. அந்த நிலைக்கு வராமல் பார்ப்பதற்குத்தான் இவ்வளவு பேச்சும்.

லயத்துப்பையன் | சனி, இரவு 10.20

நான்கு நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

புதன் காலை நான்கு பேர் வந்தார்கள். தடம் புலிதான், ஆண் என்றார்கள். கூண்டு வைக்கவில்லை. இரண்டு கெமேரா கட்டினார்கள். மாட்டை இரவில் லயத்துக்குப் பக்கத்தில் அடைக்கச் சொன்னார்கள், வெளிச்சம் வருமுன் யாரும் போகக்கூடாது, தனியாகப் போகக்கூடாது என்றார்கள். ஆபீஸ் இப்போது பெரட்டை ஏழு மணிக்குத் தள்ளிவிட்டது. நாய் என்று சொன்னவர் கண்ணில் படவில்லை.

கெமேராவில் முதல் இரவு முள்ளம்பன்றி. இரண்டாவது இரவு எங்கள் பக்கத்து வீட்டு நாய். மூன்றாவது இரவு 3.52க்குப் பாதிப் படம்: விலா, பின்னங்கால், வால். காட்டுப் பக்கம் திரும்பிப் போகிறது. அந்த வரிகளை வைத்து ஆளை அடையாளம் காணலாமாம், நம் கைரேகை மாதிரி. ஆனால் வலப்பக்கம் வேறு, இடப்பக்கம் வேறு, இரண்டும் வேண்டும் என்றார்கள். பின்னங்காலில் முடி கொட்டி, வளையம் போட்டது போல ஒரு தழும்பு. அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எங்களைப் பார்த்தார்.

தடம்பார்ப்பவன் அண்ணன் சொன்ன மாதிரி ஓரம் முழுக்கத் தேடினோம். ஒன்பது கண்ணி கிடைத்தது. மோட்டார் கிளட்ச் கேபிள், வளைத்த கம்பு, எல்லாம் ஒரே கை வேலை. ஒன்றில் முடிச்சுக்கு மேல் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. அந்த டேப்பை எனக்குத் தெரியும், என் சைக்கிள் கைப்பிடியிலும் அதுதான் சுற்றியிருக்கிறது. சுற்றிக் கொடுத்தது எங்கள் மாமா. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஆக்கும் பன்றிக் கறி எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதே இல்லை.

அதிகாரியிடம் நான் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா நேரே மாமா வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று தெரியவில்லை, மூன்று நாளாக மாமா எங்கள் பக்கம் வரவில்லை. நேற்று மட்டும் வாசலில் ஒரு பை கிடந்தது, உள்ளே இன்னும் நான்கு கேபிள்.

பழைய பால்வெட்டு | சனி, இரவு 10.47

அந்த நாலையும் அதிகாரி கையில் கொடுத்துவிடு. எங்கே கிடைத்தது என்று கேட்டால் வாசலில் என்று சொல், பொய் இல்லை.

கோப்பிக்கடை குமார் | சனி, இரவு 10.51

அம்மாவின் சிலிப்பர் கிடைத்ததா?

லயத்துப்பையன் | சனி, இரவு 10.58

கிடைத்தது. நாய்தான் கடித்து வைத்திருக்கிறது.